சுரண்டிய பொட்டு

நம் வயதுக்காரர்களிடம் முதன்முதலில் பார்த்த கதைப் புத்தகம் எது என்று கேட்டால் பெயர் சொல்லமாட்டார்கள். அட்டை பச்சையா நீலமா என்று சொல்வார்கள். பசை வாடை அடித்ததைச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான். நான் சொல்லப்போகும் புத்தகத்தின் பெயர் எப்போதோ போய்விட்டது. அதிலிருந்த பெண்ணின் நெற்றி மட்டும் மிச்சமிருக்கிறது.

சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரைவிட்டு ஓடினவர்களெல்லாம் திரும்பி வந்து, பூட்டிய வீடுகளைத் திறந்து ஒட்டடை அடித்து முடித்திருந்தார்கள். எங்கள் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அத்தாவுக்கு (எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) லஸ் முனையில் சின்னக் கடை. பொத்தான், நூல்கண்டு, லேஸ், ஜரிகை நாடா. டிராம் வண்டி திரும்பும்போது கடையிலிருந்த கண்ணாடிப் பெட்டிகளெல்லாம் சன்னமாக அதிரும்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் என் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். எனக்கு ஏழோ எட்டோ வயது.

இறந்துபோனாள் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யாரும் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘மௌத்’ என்றார்கள். நான் பக்கத்தில் போனால் நிறுத்திக்கொண்டார்கள். என்னிடம் அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, நல்லதுதான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். திருவல்லிக்கேணியிலிருந்து பெரியம்மா வந்து எங்களோடு தங்கினாள். சோறு போட்டால் சாப்பிட்டேன். படு என்றால் படுத்தேன். அத்தா அம்மாவின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார். அவருடைய துணிகளை அவரே துவைக்கத் தொடங்கினார்.

பகலில் கடைக்குக் கூட்டிப்போய்விடுவார். பொத்தான் தட்டுக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிப்பிப் பொத்தான்கள் எந்த வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். கை மரத்துப்போகும் வரைக்கும் அப்படியே வைத்திருப்பேன். கை மட்டுமல்ல, அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வாசகசாலை அக்கா வந்தார். மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டின் முன்கூடத்தில் இலவச வாசகசாலை ஒன்று இருந்தது. அதில் புத்தகம் அடுக்கி, கிழிந்ததை ஒட்டித் தைத்து, சனிக்கிழமை சாயந்தரம் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை படிக்கிறவர் அவர். புத்தக முதுகு தைக்க கறுப்பு நூல் வாங்க வருவார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கணவனை இழந்தவர். சாயம் போன புடவை, பூ கிடையாது, நெற்றியில் ஒன்றும் கிடையாது. அண்ணன் வீட்டில் இருந்தார்.

“குழந்தை பள்ளிக்கூடம் போறதில்லையா?” என்று அத்தாவைக் கேட்டார்.

“இப்ப அனுப்பறதில்லீங்க. வீட்ல கொஞ்சம்...” அத்தா கறுப்பு நூலை எடுத்துவைத்தார்.

அக்கா என் கையைப் பார்த்தார். “சனிக்கிழமை வாசகசாலைக்கு அனுப்புங்கோ. படம் போட்ட புஸ்தகமெல்லாம் இருக்கு” என்றார்.

அத்தா அனுப்பினார். அவருக்கும் என்னை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது.

அந்தக் கூடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதம் ஓரங்களில் உரிந்து தொங்கும். அந்தக் கிழிசல் வழியாக வெயில் பட்டையாக விழும். பாச்சை உருண்டை வாடை, கோதுமைப் பசை வாடை. சுற்றுவட்டார மாட வீதிகளின் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வாசகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய வக்கீல். அவருடைய பேத்தி முன்வரிசையில் இருப்பாள். வாசற்படியில் ஒரு மீன்கார அம்மாவின் பெண் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய அம்மா கூடையோடு தெருத்தெருவாகப் போய்விட்டு வரும்வரை அவளுக்குப் போக்கிடம் அதுதான். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. அவளும் வந்ததில்லை.

புத்தகங்கள் இரண்டு வகை. இங்கிலீஷ் புத்தகங்களில் பனியில் சறுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அக்கா அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் திருப்புவார். தமிழ்ப் புத்தகங்களில் பாவாடை, பொட்டு, பின்னலில் பூ வைத்த பெண்கள், குடுமி வைத்த பையன்கள், கொல்லையில் கன்றுக்குட்டி. எங்களைப் போன்றவர்கள் எப்போதாவது வருவார்கள். தாடி வைத்து, இடுப்பில் கத்தி செருகி, குகையில் இருப்பார்கள்.

ஒருநாள் வாசற்படியிலிருந்து குரல் வந்தது. “இன்னாக்கா, எல்லாக் கதையிலயும் மாடுதான் கீது. மீனே வர்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தேடிப்பிடித்து மீன் கதை ஒன்று கொண்டுவந்தார். வலையில் மாட்டிய தங்கமீன் பேசும். விட்டுவிடு என்று கெஞ்சும். மீனவன் மனமிரங்கி விட்டுவிடுவான்.

“வுட்டுட்டானா?” என்றாள் மீன்கார அம்மா பெண். “அப்ப ராவிக்குச் சோத்துக்கு இன்னா பண்ணுவான்?”

அன்றைக்கு முழுக்க அக்கா முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவர் பார்வை என் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன். நான் வந்த நாளிலிருந்து வாயே திறக்காமல் இருந்தேன். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும் இடத்தில் சிரிக்கவில்லை. இந்தப் புத்தகங்களில் இவள் மாதிரி ஒருத்தியும் இல்லை, அதனால்தான் இப்படி இருக்கிறாள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான்.

ஒரு சனிக்கிழமை பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைப் பிரித்தார். ஒரு சிறுமி காலையில் எழுந்து, அம்மாவோடு பூப்பறித்து, கோயிலுக்குப் போய், பிரசாதம் வாங்கி, வீட்டுக்கு வந்து கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்கும் கதை. அவ்வளவுதான் கதை. ஆனால் அன்று அந்தச் சிறுமியின் பெயருக்குப் பதிலாக என் பெயரைச் சொல்லிப் படித்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அந்தப் பெயரில் வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று. கோயில் வரும் இடத்தில் அக்கா சற்று நின்று, “அம்மாவோட பள்ளிவாசலுக்குப் போனா” என்று படித்தார். எங்கள் சந்துப் பெண்கள் யாரும் பள்ளிவாசலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. நானும் போனதில்லை. அக்காவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

தலைவரின் பேத்தி கையைத் தூக்கினாள். “அக்கா, இவ துலுக்கப் பொண்ணோன்னோ? படத்துல பொட்டு இட்டுண்டு இருக்காளே. அது எப்படி இவளாகும்?”

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படத்தில் இருப்பதைச் சொன்னாள். மூன்று வண்ணத்தில் அச்சிட்ட மலிவான புத்தகம் அது. சிவப்பு கொஞ்சம் விலகிப் பதிந்து, பொட்டு நெற்றியில் இல்லாமல் புருவத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லாப் பக்கத்திலும் அப்படியே.

“சரிதான்” என்று அக்கா புத்தகத்தை மூடினார்.

இன்னொன்றையும் நான் கவனித்து வைத்திருந்தேன். சில கதைகளில் அக்கா பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினார். ஒரு புத்தகத்தில் ராணி கட்டிலில் படுத்திருக்கும் படம் இருந்தது. சுற்றி எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். அடுத்த படத்திலிருந்து ராணியைக் காணோம். “ராணி அவ பொறந்த ஊருக்குப் போயிருக்கா” என்று அக்கா படித்தார். அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்து அதைவிட நீளமாக இருந்தது. எனக்கு அரைகுறையாகத்தான் படிக்கத் தெரியும். ஆனாலும் அக்கா சொன்னது அங்கே அச்சடித்திருந்தது இல்லை என்று தெரிந்தது.

மறுவாரம் நான் போனபோது அக்கா சீக்கிரமே வந்திருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிரித்தார். சிறுமியின் நெற்றியில் பொட்டு இல்லை. பிளேடால் சுரண்டியிருந்தார். ஒரு பக்கம் விடாமல் எல்லாப் பக்கத்திலும். காகிதம் பஞ்சு மாதிரிப் பிரிந்து நின்றது. புருவமும் சேர்ந்து போயிருந்தது. ஒரு பக்கத்தில் பிளேடு ஆழமாக இறங்கி ஊசித்துளை விழுந்து, அதன் வழியாக வெளிச்சம் வந்தது.

என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். சொரசொரப்பாக இருந்தது.

“பாரு, இப்போ இது நீதான்” என்றார்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்ததால் சிரித்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: “அக்கா படத்துல அந்தப் பொண்ணோட பொட்டை அழிச்சுட்டா.” பொட்டை அழிப்பது என்றால் அந்த வீடுகளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டிவர வந்த அம்மாக்கள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை பாதிப் பாய் காலியாக இருந்தது.

தலைவர் நேராக எங்கள் கடைக்கு வந்தார். அவர் பயந்தது வேறு. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் இந்து முஸ்லிம் கலவரம் என்று என்னென்ன செய்திகள் வந்துகொண்டிருந்தன என்று நமக்குத் தெரியும். குடையை ஊன்றிக்கொண்டு, கடைப்படியில் ஏறாமலே பேசினார்.

“பாய், நாமெல்லாம் பல காலமா ஒரே ஊர்ல ஒத்துமையா இருக்கோம். உங்களுக்கு அந்தப் புஸ்தகத்துல ஆட்சேபம் இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி அழிக்கச் சொல்லணுமா?”

அத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன புஸ்தகங்க?” என்றார்.

தலைவர் அதை நம்பவில்லை என்பது அவர் தலையாட்டிய விதத்தில் தெரிந்தது. “சாயந்தரம் வாசகசாலைக்கு வாங்கோ. பேசித் தீர்த்துப்போம்.”

அத்தா கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிப்போனார். வழியில், “உன்னை யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அங்க போறது புடிக்கலையா?” தெரியவில்லை என்றேன். அம்மா போனபிறகு அத்தா என்னை அவ்வளவு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

கூடத்தில் தலைவரும், கமிட்டிக்காரர்கள் சிலரும் நாற்காலியில் இருந்தார்கள். அக்கா அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். அத்தாவுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. தலைவர் புத்தகத்தைப் பிரித்து அத்தாவிடம் நீட்டினார்.

“பாருங்கோ. சின்னக் குழந்தை படம். நெத்தியைப் பாருங்கோ, மூளியா.”

அத்தா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “இதை நான் சொல்லலீங்க. ஆனா நெத்தி சும்மா இருந்தா என்னங்க? எம் பொண்ணு நெத்தியும் இப்படித்தானே இருக்கு.”

“உங்க வழக்கம் வேற, பாய். நான் அதைத் தப்புன்னு சொல்லலை. எங்காத்துக் குழந்தேள் பார்க்கற புஸ்தகம். மூளி நெத்தியைப் பாத்தா அதுகளுக்கு மனசு என்னமோ ஆகாதா?”

“ஏன் மாமா?” என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. “வாராவாரம் எம் மூஞ்சியைப் பாத்துண்டுதானே கதை கேட்டுண்டு இருக்கா?”

வெளியே ஒரு ஜட்கா வண்டி போகும் சத்தம் கேட்டது. கமிட்டிக்காரர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நான் உன்னைச் சொல்லலையேம்மா” என்றார் தலைவர். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. நல்ல மனிதர்தான், அந்த வாசகசாலைக்கு இடம் கொடுத்ததே அவர்தான். “உன்னை யார் என்ன சொன்னா? பொதுப் புஸ்தகத்தைப் பாழாக்கினது தப்பா இல்லையா, அதைச் சொல்லு.”

“தப்புதான்” என்றார் அக்கா.

அதோடு பேச்சு முடிந்தது. கொஞ்ச காலம் கதை நேரம் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அக்காவும் அண்ணன் வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்றார்கள். புத்தகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அத்தா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது அத்தா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். என் பெண்ணை ஏதோ அவமானப்படுத்திவிட்டார்கள், என்னவென்றுதான் பிடிபடவில்லை என்று நினைத்திருப்பார். அக்கா ஒன்று நினைத்தார், தலைவர் ஒன்று நினைத்தார், அத்தா ஒன்று நினைத்தார். மூன்று பேரும் என் நெற்றியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பொட்டு இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்பது யாருக்கும் தெரியாது.

புத்தகம் எங்கள் வீட்டில் அதிக நாள் தங்கவில்லை. மீன்கார அம்மாவின் பெண் ஒருநாள் எங்கள் சந்துக்கு வந்தாள். கதை நேரம் ஏன் இல்லை என்று கேட்டாள். புத்தகத்தைக் காட்டினேன். படியிலிருந்தே எட்டிப் பார்த்துப் பழகினவள், முதன்முதலாகக் கையில் வாங்கிப் புரட்டினாள்.

“உனுக்குப் பொட்டு வோணாமா? அப்ப எங்கைல குடு. எனுக்கு வோணும். நா வெச்சிக்கினு போறேன்.”

கொடுத்தேன். சில நாள் கழித்துக் காட்ட வந்தாள். எல்லாப் பக்கத்திலும் கண்மையால் புதுப் பொட்டு வைத்திருந்தாள், சரியாக நெற்றி நடுவில். சிறுமியின் பாவாடையை மேலே தூக்கிச் செருகின மாதிரியும் கோடு போட்டிருந்தாள். கன்றுக்குட்டிக்கு வால் பக்கம் மீன்வால். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவளையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. குப்பத்தில் கூரைக்குள் செருகியிருப்பாள். கடல்காற்றில் எத்தனை நாள் தாங்கியிருக்குமோ.

வாசகசாலையில் கதை நேரம் மறுபடி தொடங்கியதாகவும், யாரோ ஒரு வாத்தியார் வந்து நீதிக்கதை சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அக்காவுக்குத் திருச்சிப் பக்கம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பெரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மாட வீதியிலிருந்து ஒருவர் எங்கள் சந்துக்குள் வந்ததே இல்லை. அவரை எங்கே உட்காரவைப்பது, நம் வீட்டில் எதைச் சாப்பிடுவார் என்று தெரியாமல், தெருமுனைக் கடையிலிருந்து சோடா வாங்கிவரச் செய்தாள். அக்கா, தண்ணீரே போதும் என்று எங்கள் பானையிலிருந்து மொண்டு கொடுத்ததைக் குடித்தார். பிறகு தரையில் என் எதிரே உட்கார்ந்தார்.

“புஸ்தகம் எதுவும் கொண்டு வரலை. உனக்கு என்ன கதை வேணும், சொல்லு. வாயாலேயே சொல்றேன்.”

நான் யோசிக்கவில்லை. அது வாயில் தயாராக இருந்திருக்கிறது.

“அம்மா செத்துப்போற கதை.”

அடுப்பங்கரையில் பெரியம்மா கையிலிருந்த கரண்டி நின்றது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வாரமாக அவர் சேர்த்துத் திருப்பின பக்கங்களெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“ஒரு பொண்ணு இருந்தா” என்று ஆரம்பித்தார். “அவளோட அம்மா செத்துப்போயிட்டா.”

நிறுத்திவிட்டார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, “அப்புறம்?” என்று கேட்டார். கதை கேட்கிற பிள்ளைகள் கேட்பதைப்போல.

“அப்புறம் பெரியம்மா வந்தாங்க. தலை வாரிவிட்டாங்க. வலிச்சுது.”

“அப்புறம்?”

“அவ அத்தா பேசவே இல்ல.”

“அம்மா செத்த அன்னிக்கு அவ எங்கே இருந்தா?”

“பக்கத்து வீட்டு மாடியில விட்டுட்டாங்க. கதவைச் சாத்திட்டாங்க. யாரும் வரல. ஒரே மழை. தண்ணி கொட்டிக்கிட்டே இருந்துச்சு. கீழே ஊத்துற சத்தம் கேட்டுச்சு. அவ மழை விடட்டும்னு உக்காந்துகிட்டு இருந்தா.”

“மழை இல்லம்மா” என்று குரல் கேட்டது.

அத்தா வாசலில் நின்றிருந்தார். கடையிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியவில்லை. “அன்னைக்கு நல்ல வெயில்.”

“இல்லத்தா. தண்ணி சத்தம் கேட்டுச்சு.”

பெரியம்மாதான் அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள், எங்களைப் பார்க்காமலே. “உங்கம்மாவைக் கொல்லையில மறைப்பு கட்டிக் குளிப்பாட்டுனோம்டி. நாந்தான் தண்ணி ஊத்துனேன்.”

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். அழவில்லை. அந்தச் சத்தத்தை மறுபடி காதுக்குள் கேட்டுப் பார்த்தேன். குடம் குடமாக, விட்டு விட்டு. மழை அப்படிப் பெய்யாது. எப்படி அது தெரியாமல் போனது என்று ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா இன்னொரு தடவை கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் நானே அத்தா பக்கம் திரும்பினேன்.

“அப்புறம்?”

அத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் பெயரைச் சொல்லி, சொல்லத் தொடங்கினார்.